மதுரை என்னும் முதலெழுத்து

எம்.எஸ். சுப்புலட்சுமி என்ற பெயரின் முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளையும் நாம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். எம். என்பது மதுரை. எஸ். என்பது சண்முகவடிவு, அவருடைய அம்மா. அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முன்னால் போட்டுக்கொள்ளும் ஒரு சமூகத்தில், இந்த நாட்டின் மிகப் பெரிய பாடகி ஒருவர் கடைசிவரை ஊர்ப் பெயரையும் தாயின் பெயரையுமே சுமந்தார். அது அவர் எடுத்த முடிவன்று. அவர் பிறந்த மரபில் பெண்பிள்ளைகள் தாய்வழியாகவே அறியப்பட்டார்கள். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அம்மா வீணைக் கலைஞர். அக்கா வடிவாம்பாளுக்கும் வீணை. மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் இப்படிப் பல வீடுகள் இருந்தன. வருமானம் ஈட்டியவர்களும் வித்தையைக் கைமாற்றித் தந்தவர்களும் அந்த வீடுகளில் பெண்களே.

1916இல் அப்படி ஒரு வீட்டில் பிறந்த சுப்புலட்சுமி பத்து வயதிலேயே இசைத்தட்டில் பாடிவிட்டார். 1936இல் மதுரையைவிட்டுச் சென்னைக்குப் போனார். வசதி படைத்த ஒருவரின் ஆதரவில் மகளை வைத்துவிட வேண்டுமென்று தாய் எண்ணியதாகவும், அதிலிருந்து விலகவே மகள் ஊரைவிட்டுப் போனதாகவும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1940இல் திருமணம். 1968இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் பெண். 1998இல் பாரத ரத்னா. இன்று மதுரைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் "எங்க ஊருப் பொண்ணு" என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் எங்க ஊருப் பொண்ணு இருபது வயதில் ஏன் ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது, போகாமல் இங்கேயே இருந்த சண்முகவடிவு என்ன ஆனார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். மகளின் படம் மாட்டாத சபா இல்லை. அம்மாவின் வீணையைப் பற்றிப் பேச ஆளில்லை.

போன பெண்ணைக் கொண்டாடுவதும் இருக்கிற பெண்ணைக் காணாததுபோல் கடந்துபோவதும் இந்த ஊரின் பழைய வழக்கம். அந்த இருக்கிற பெண்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்கள் சபாக்களில் பாடுவதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களின் கோவில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் இசை நாடகங்களில் பாடுகிறார்கள். ஊர்வழக்கில் அது ஸ்பெஷல் நாடகம்.

இந்த நாடகத்தின் வரலாற்றைச் சொல்லும் எல்லோரும் சங்கரதாஸ் சுவாமிகளிலிருந்தே தொடங்குவார்கள். அது நியாயம்தான். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்த அவர் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி போன்றவை இன்றும் மேடையில் உயிரோடிருக்கின்றன. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற குழுவைத் தொடங்கினார். பெயரே சொல்கிறது, அது சிறுவர்களின் குழு. தி.க. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் அங்கேதான் அரிச்சுவடி படித்தார்கள். வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் வேடம் கட்டியவர்கள் குரல் உடையாத பையன்கள். பாய்ஸ் கம்பெனிகளின் ஒழுக்கத்தைப் பற்றி நாடக வரலாறுகள் பக்கம்பக்கமாகப் பேசுகின்றன. ஒழுக்கம் என்று அவை சொல்வதில் ஒரு பகுதி, மேடையில் பெண் இல்லை என்பதுதான்.

பெண்கள் அதற்கு முன்பே மேடை ஏறியிருந்தார்கள். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களைக் கொண்டே ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். ஆதரவற்ற பெண்கள் பலருக்கு அதுவே வீடு. அவருடைய நாடகம் பார்ப்பதற்கென்று ரயில் விட்டார்கள், அந்த ரயிலுக்கு அவருடைய பெயரே வழங்கியது. அப்பேர்ப்பட்டவர் கடைசிக் காலத்தை மதுரையில் வறுமையில் கழித்து இறந்தார். சண்முகவடிவைப் பற்றிப் பேசாத ஊர் பாலாமணியைப் பற்றி மட்டும் பேசிவிடுமா?

1920களில் பெண்கள் ஸ்பெஷல் நாடகத்துக்குப் பெருமளவில் வந்தார்கள். கொடுமுடியிலிருந்து வந்த கே.பி. சுந்தராம்பாள் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு இணையாக நின்று பாடினார். 1933இல் கிட்டப்பா இறந்த பிறகு வெள்ளைச் சேலையும் நீறுமாகவே வாழ்ந்தார். 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக ஆண் வேடத்தில் நடிக்க அவருக்குத் தரப்பட்ட ஒரு லட்சம் ரூபாய் அன்றைக்கு எந்த நடிகரும் கேட்டிராத தொகை. 1958இல் சட்ட மேலவை உறுப்பினரானார். துறவுக் கோலம் பூண்ட விதவை என்ற படிமம் கிடைத்த பிறகுதான் சமூகம் ஒரு நாடக நடிகையை மேலவைவரை அனுமதித்தது என்று எனக்குத் தோன்றும். அந்தக் குரலுக்கு அந்தப் படிமம் தேவைப்படவே இல்லை.

1947இன் சட்டம் பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டிவிடுவதைத் தடை செய்தது. அது வேண்டிய சட்டம். அந்த வாழ்க்கைக்குள்ளிருந்து வெளியே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதற்காகப் போராடியவர். 1936இல் தாசிகள் மோசவலை நாவலை எழுதியவர். அவர் பேச்சை நாம் மறுக்க முடியாது. ஆனால் சட்டம் ஒழித்த வழக்கத்தோடு சேர்த்து, ஆடிப் பாடிச் சம்பாதிக்கும் பெண்ணே ஐயத்துக்குரியவள் என்ற எண்ணத்தை யாரும் ஒழிக்கவில்லை. பாட்டும் சதிரும் சபாக்களுக்குப் போய் மேல்சாதிக் குடும்பங்களின் மகள்களுக்குரிய கலைகளாயின. ஐயம் மட்டும் கிராமத்து மேடைக்கு வந்து சேர்ந்தது.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இதில் கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தம் ஆகிறவர்கள். மதுரையிலிருந்து ஒரு ஸ்திரீபார்ட், புதுக்கோட்டையிலிருந்து ஒரு ராஜபார்ட், திண்டுக்கல்லிலிருந்து ஒரு பபூன் என்று அன்றிரவு ஒரு கிராமத்தில் வந்து சேர்வார்கள். ஒத்திகை இல்லை. சில சமயம் ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் நாடகம் தெரியும், பாட்டு தெரியும். எந்தப் பாட்டுக்குப் பிறகு எதிராளி எங்கே கொண்டுபோவார் என்று ஊகிக்கத் தெரியும். ஆர்மோனியக்காரர் கட்டையைப் பிடித்துக் கொடுப்பார், மீதி மேடையில்.

வள்ளி திருமணத்தில் நள்ளிரவு தாண்டி வள்ளி வருவாள். தினைப்புனத்தில் வேடனாக வந்து நிற்கும் முருகனுக்கும் அவளுக்கும் தர்க்கம் தொடங்கும். அதற்காகத்தான் ஊர் காத்திருக்கும். எழுதிவைத்த வசனம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் அங்கேயே பிறப்பது. அவர் ஒரு கேள்வி கேட்பார், புராணத்திலிருந்தோ இலக்கணத்திலிருந்தோ நேற்றைய செய்தித்தாளிலிருந்தோ. இவள் பதில் சொல்லிவிட்டு எதிர்க்கேள்வி போடுவாள். பாட்டில் கேட்டால் பாட்டில் பதில், அதே ராகத்தில், முடிந்தால் இன்னும் ஒரு கட்டை மேலே. சறுக்கினால் ஊர் சிரிக்கும். ஒரு பெண் ஆயிரம் பேர் முன்னால் ஓர் ஆணோடு மணிக்கணக்கில் வாதம் செய்கிறாள், விட்டுக்கொடுக்காமல். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இதற்கு வேறு எந்த மேடை இருக்கிறது? பஞ்சாயத்தில் இல்லை, கோவில் கூட்டத்தில் இல்லை. சத்தியவான் சாவித்திரியில் எமனோடு வாதாடுவதும் பெண்தான். அல்லி அர்ஜுனாவில் வருகிற அல்லி மதுரையை ஆண்ட அரசி. அவள் பெயரை வைத்தே "அல்லி ராஜ்ஜியம்" என்று வீட்டுப் பெண்களைக் கேலி செய்கிறோம்.

இந்த நாடகங்களைப் பெண்ணிய நாடகங்களாக ஆக்கிவிட நான் விரும்பவில்லை. தர்க்கத்தில் எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னாலும் கடைசியில் யானையைக் காட்டிப் பயமுறுத்தி வள்ளியைக் கல்யாணம் செய்துகொள்கிறான் முருகன். தலைப்பே திருமணம். சாவித்திரியின் வாதமெல்லாம் தாலிக்காகத்தான். பபூனின் நகைச்சுவையில் பாதிக்கு மேல் பெண்ணுடலைப் பற்றியது. அவரோடு ஜோடியாக ஆடும் டான்ஸ் கலைஞர்தான் அந்தச் சிரிப்பின் எடையைச் சுமக்கிறவர். பெண் கலைஞர்களுக்குள்ளேயே ஸ்திரீபார்ட் மேல், டான்ஸ் கீழ் என்ற படிநிலை இருக்கிறது. ஸ்திரீபார்ட் கட்டிப் பெயர் வாங்கினவர் தன் மகளை டான்ஸ் ஆட அனுப்ப மாட்டார். ஆனாலும் மேடையின் நடுவே அந்த இரண்டு மணி நேரம் இருக்கிறது. எழுதிக் கொடுக்கப்படாத பேச்சு ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருகிற நேரம் அது. அதைக் கேட்கும் பெண்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு பழகி ஆய்வு செய்தார். தமிழ் மேடையின் மீது சுமத்தப்பட்ட களங்கங்கள் என்று பொருள்படும் தலைப்பில் 2005இல் அவருடைய நூல் வந்தது. நடிகைகள் மேடையில் என்ன செய்கிறார்கள் என்பதோடு நிற்காமல், மேடைக்கு எப்படிப் போகிறார்கள், எப்படித் திரும்புகிறார்கள் என்றும் பார்த்தது அவருடைய ஆய்வின் சிறப்பு. அந்தப் பெண்களின் மேல் விழும் பழி, அவர்கள் இரவில் நடமாடுகிறார்கள், முன்பின் தெரியாத ஆண்கள் பார்க்கும்படி நிற்கிறார்கள், அன்னிய ஆணோடு ஜோடியாகப் பேசுகிறார்கள் என்பதிலிருந்து வருகிறது. அதனால் போகிற வழியெல்லாம் அவர்கள் தங்களைச் சுற்றி ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே போகிறார்கள் என்று அவர் காட்டுகிறார். முடிந்தால் வாசலிலிருந்து வாசலுக்கு வேன். பஸ் என்றால் பெண்கள் பக்கம். கூட நடிப்பவர்களை அண்ணன், அக்கா, சித்தப்பா என்று உறவு சொல்லி அழைப்பது. மேடைக்குப் பின்னால் அலங்காரப் பெட்டியைச் சுற்றி ஒரு மூலை. பொதுவெளியே தொழிலாக இருக்கும் பெண்கள், குடும்பப் பெண் என்ற சொல்லுக்குள் இடம் கேட்டு நடத்தும் அன்றாடப் போராட்டம் அது.

இதை வாசித்தால் மாட்டுத்தாவணி வேறு மாதிரித் தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் சிரிப்பாக இருக்கும், தாவணி என்றால் பெண்பிள்ளைகள் உடுத்துவது என்று நினைத்து. மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிறு தாவணி. அப்படிக் கட்டி விற்ற சந்தைக்கும் அது பெயரானது. 1999 முதல் அங்கே பெரிய பேருந்து நிலையம். மேலூர், சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று வடக்கும் கிழக்கும் போகிற வண்டிகள் அங்கிருந்துதான். நாடகம் அதிகம் போடும் ஊர்களும் அந்தப் பக்கமே. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் ராத்திரி எட்டு மணி வாக்கில் பெட்டியோடு நிற்கும் பெண்களில் சிலர் வேலைக்குப் போகிறவர்கள். விடியற்காலையில் அரிதாரம் முழுக்கக் கலையாத முகத்தோடு இறங்குகிறவர்கள் வேலை முடித்து வருகிறவர்கள். இரவுப் பணிக்குப் போகும் செவிலியரையும் நூற்பாலைப் பெண்ணையும் இப்போது ஓரளவு வேலைக்காரர்களாகப் பார்க்கப் பழகிவிட்டோம். நாடகக்காரிக்கு அந்தப் பார்வை இன்னும் கிடைக்கவில்லை.

மேலூர் சாலையில் மாட்டுத்தாவணியைத் தாண்டிப் போனால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004இல் தொடங்கியது. திருவிழாக் காலம் வந்தால், ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குக் காவல்துறை அனுமதி மறுத்துவிட்டது என்று அங்கே மனுக்கள் குவியும். ஆபாசம் கூடாது, இத்தனை மணிக்கு மேல் கூடாது என்று நிபந்தனைகளோடு உத்தரவுகள் வரும். யார் ஆடைக்கு அளவு, யார் அசைவுக்கு வரம்பு என்று எழுதுகிற அந்த வரிகளில், ஆடுகிற பெண்ணுக்கு என்ன கூலி, அவள் எங்கே உடை மாற்றுவாள், எப்படி வீடு திரும்புவாள் என்ற கேள்விகள் வருவதில்லை. மேடைக்குக் கீழே கைநீட்டுகிறவனின் ஒழுக்கம் பற்றியும் பேச்சு அதிகமில்லை. இன்னொரு விதி 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்: இரவு பத்து முதல் காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது. நோயாளிகளுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் அந்த விதி அவசியம், மறுக்கவில்லை. ஆனால் பத்து மணிக்குத் தொடங்குவதே நாடகம். வள்ளி வருவதற்கு முன்னாலேயே மைக்கை நிறுத்தினால் எஞ்சுவது பபூனும் டான்ஸும்தான். நேரத்தைச் சுருக்கச் சொன்னால் ஊர்க்காரர்கள் முதலில் வெட்டுவது தர்க்கத்தையே.

2020இல் அந்த மிச்சமும் போயிற்று. மார்ச் 25 அன்று ஊரடங்கு. பங்குனிப் பொங்கல்கள் நின்றன. மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது, அழகர் வைகைக்கு வரவில்லை. கிராமக் கலைஞர்கள் வருடத்துக்குச் சம்பாதிப்பது அந்த நான்கைந்து மாதங்களில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதை வைத்துத்தான் அடுப்பெரியும். ஊரடங்கு தொடங்கிய ஐந்தாம் நாள், மார்ச் 29 அன்று, பரவை முனியம்மா இறந்தார். மதுரைக்கு மேற்கே பரவை கிராமத்துக்காரர். கோவில் மேடைகளில் பாடிப் பாடி ஊரெல்லாம் அறிந்த அவரைத் தமிழ்நாடு முழுக்க அறிந்துகொண்டது 2003இல் தூள் படத்தில் பாடி நடித்த பிறகு. அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. கடைசி ஆண்டுகளில் நோயும் பண நெருக்கடியுமாக அவர் இருந்த செய்தி வந்து, பிறகு அரசு உதவி செய்தது. சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி கருப்பாயிக்கும் 1985இல் ஆண் பாவம் படம்தான் பெயர் வாங்கித் தந்தது. அதற்கு முன் வயலில் பாடிய ஆண்டுகளை யாரும் எண்ணவில்லை. சினிமா கைகாட்டாவிட்டால் பக்கத்து ஊர்ப் பாடகியின் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை.

மறுபக்கம் ஒன்று சொல்ல வேண்டும். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கலைகள் பேராசிரியராக இருந்தவர், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். கணவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடல்களைத் திரட்டி, நடவுப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கல்லூரி மேடைகளில் பாடினார். அந்தப் பாட்டு வகுப்பறைக்குள் நுழைந்தபோது அதற்கு மரியாதை கிடைத்தது. அவருடைய உழைப்பு பெரிது. ஆனால் மரியாதை பாட்டுக்குக் கிடைத்த அளவு பாட்டைக் கொடுத்த பெண்களுக்குக் கிடைத்ததா என்பது தனிக் கேள்வி. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமக் கலைகளைப் பூங்காக்களுக்குக் கொண்டுபோனது. நகரத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து கரகாட்டம் பார்த்தன. அதே குடும்பங்கள் சொந்த ஊர்த் திருவிழாவில் கரகாட்டம் தொடங்கியதும் "பொம்பளைப் பிள்ளைக பார்க்கிறதில்ல" என்று எழுந்துபோவதையும் பார்க்கலாம்.

எழுந்துபோவதில்தான் நம் பங்கு இருக்கிறது. ஸ்பெஷல் நாடகக் கூட்டத்தில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் உட்காரும் வழக்கம் உண்டு. தொலைக்காட்சி வந்த பிறகு பெண்கள் பக்கம் சுருங்கியது. படித்த பெண்கள் வருவது அடியோடு நின்றது. பெண்கள் இல்லாத கூட்டத்தின் முன் பபூனின் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தர்க்கத்தைக் கேட்டுச் சிரித்தால், வள்ளி தன் பதில்களை அவர்களை நோக்கியே சொல்வாள். இது கற்பனையில்லை, மேடையில் நிற்கிற எந்தக் கலைஞருக்கும் தெரிந்த கணக்கு.

ஊர்க் கலைஞரை ஆதரிப்பது என்றால் பாராட்டிப் பேசுவது என்று கலை இலக்கிய விழாக்களில் வைத்துக்கொள்கிறோம். பொன்னாடை போர்த்தினால் முடிந்தது. பொன்னாடையை வைத்துச் சோறாக்க முடியாது. ஊரில் நாடகம் வைக்கும் விழாக் குழுவில் நம் அப்பாவோ அண்ணனோ இருப்பார்கள். ஸ்திரீபார்ட்டுக்கும் ராஜபார்ட்டுக்கும் ஒரே தொகையா, முன்பணம் போக மீதி அன்றைக்கே கைக்கு வருமா, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அறை கேட்டால் பள்ளிக்கூடத்தைத் திறந்து விடுவார்களா, அங்கே கழிப்பறையில் தண்ணீர் வருமா, விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுவரை யார் கொண்டுபோய் விடுவது? இதையெல்லாம் வீட்டுக்குள்ளிருந்தே கேட்கலாம். அன்பளிப்பு என்று சொல்லி ரூபாய் நோட்டைச் சேலையில் குத்த வருகிறவனிடம், மைக்கில் பெயர் சொல்லிக் கையில் கொடு என்று விழாக் குழு சொன்னால் போதும். சொல்லாததற்குக் காரணம், நடிகை அதை எதிர்பார்க்கிறவள் என்று நினைப்பதுதான்.

கல்லூரியில் படிக்கிற பெண்களிடம் எனக்கு இன்னொரு வேண்டுகோள் உண்டு. நாடக நோட்டீஸ்களைச் சேர்த்து வையுங்கள். திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் சுவரில் ஒட்டி, திருவிழா முடிந்ததும் ஆடு தின்கிற தாள்கள் அவை. நடிகர் நடிகையர் படம், பட்டம், எந்த ஊர், என்ன வேடம், எந்தத் தேதி, எந்தக் கோவில், செலவை ஏற்றவர் யார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. பாலாமணி அம்மாளைப் பற்றியும் சண்முகவடிவைப் பற்றியும் இன்று எழுத உட்கார்ந்தால், ஆண்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளின் ஓரத்திலிருந்து பொறுக்கத்தான் வேண்டியிருக்கிறது. இன்றைக்கு மேடையில் இருப்பவர்களுக்காவது அந்த நிலை வேண்டாம். நோட்டீஸில் பெரும்பாலும் பெண் கலைஞரின் பெயருக்கு முன்னால் ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். எம்.எஸ்.ஸுக்கு இருந்த மாதிரியே. மதுரை என்று போட்டிருந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த நாடகம் எந்த ஊரில் என்று விசாரித்து, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுங்கள். நான்கைந்து பேராகப் போவது நல்லது. பாய் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தர்க்கம் தொடங்க எப்படியும் இரண்டு மணி ஆகிவிடும்.